செல்வின் மாஸ்டரின் இடது கை

தேனி பஜாரில் பம்ப்செட் சாமான் கடை வைத்திருக்கும் செல்வினை யாரும் முதலாளி என்று கூப்பிட்டதில்லை. வால்வு வாங்க வருகிற தோட்டத்துச் சம்சாரியும் மாஸ்டர் என்பார், பைப் இறக்குகிற லோடுமேனும் மாஸ்டர் என்பார். கடைப் பலகையில் அவருடைய அப்பா காலத்துப் பெயர் இருக்கிறது. அதற்குக் கீழே 'வராகநதி இன்னிசைக் குழு' என்று ஒரு சின்னத் தகரப் பலகை. ஒரு வருஷமாக அந்தத் தகரத்தின் மேல் சொட்டுநீர்க் குழாய்ச் சுருளைத் தொங்கவிட்டிருந்தார். தேடி வருகிறவர்கள் பக்கத்து டீக்கடையில் கேட்டுக்கொண்டுதான் வந்தார்கள்.

சித்திரை பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. கடைக்குள் அடுக்கியிருந்த பைப்புகளைத் தொட்டால் சுட்டது. பதினோரு மணி வாக்கில் நல்லகண்ணு வந்தார். சட்டை முழுக்க வாழைக் கறை. கையில் இலையில் சுற்றிய ஒரு சீப்பு செவ்வாழை, கக்கத்தில் மஞ்சள் நோட்டீஸ் கட்டு. ஜெயமங்கலத்துக்குக் கிழக்கே ஒரு சின்ன ஊர்க்காரர் அவர். இருபது வருஷமாகக் கடைக்கு வந்துபோகிறவர். போன வருஷம் திருவிழாவில் அவர் பெண்சாதி ராஜாத்தி செத்துப்போனாள். அதற்குப் பிறகு அவர் பஜார்ப் பக்கம் வருவது இதுதான் முதல் தடவை.

அவரைக் கண்டதும் செல்வின் கல்லாவை விட்டு எழுந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க நல்லகண்ணு. வாழையெல்லாம் எப்பிடி இருக்கு?"

"போன வாரக் காத்துல நூத்தம்பது மரம் சாஞ்சிருச்சு மாஸ்டர். மிச்சத்தக் கவுறு போட்டுக் கட்டிக்கிட்டிருக்கேன். ஒத்த ஆளா என்னத்தக் கட்டுறது? அவ இருந்தா மறுபக்கம் நின்னு கவுறப் பிடிச்சுக் குடுப்பா." சொல்லிவிட்டு நல்லகண்ணு கன்னத்தில் போட்டுக்கொண்டார். "அவ-ன்னு சொல்லக் கூடாதுங்கிறாக. ஆத்தான்னுதான் சொல்லணுமாம். இருவத்திமூணு வருசம் 'ஏ புள்ள'ன்னு கூப்பிட்ட வாயி, திரும்ப மாட்டேங்குது."

"தண்ணி குடிக்கிறீகளா?"

"இருக்கட்டும். உங்க தோள்பட்ட எப்பிடி இருக்கு? இன்னும் தூக்க முடியலையா?"

"முடியல."

"ஆத்தா சரியாக்கிருவா." நோட்டீஸில் ஒன்றை உருவி நீட்டினார். மேலே அம்மன் படம். அதற்குக் கீழே, அதே அளவில், ராஜாத்தியின் படம். ரேஷன் கார்டுக்கு எடுத்தது போலிருக்கிறது, கண் மருண்டு விழித்திருந்தாள். 'அம்மனோடு ஐக்கியமான ராஜாத்தி அம்மாள் முதலாம் ஆண்டு' என்று போட்டிருந்தது. அதற்கும் கீழே, 'செல்வின் மாஸ்டர் தலைமையில் வராகநதி இன்னிசைக் குழு.'

"என்னையக் கேக்காமப் போட்டுட்டீகளே!"

"ஊர்த் தலைவரு பால்பாண்டி போட்டுட்டாரு. ஆத்தாவ அனுப்பி வச்ச கைய்யி, அது வராமத் திருவிழாவான்னு கேக்காரு. அவரு கேக்குறதுலயும் நாயம் இருக்குல்ல?"

செல்வின் நோட்டீஸை நாலாக மடித்தார். பிறகு எட்டாக மடித்தார்.

அந்தக் கையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இந்தக் கதை விளங்காது.

செல்வினுக்குப் பாட வராது. எந்த வாத்தியத்தையும் பிறர் மெச்சும்படி வாசிக்கவும் வராது. ஆனால் பதினாலு வயதில் கிறிஸ்தவக் கோவில் பாடகர் குழுவின் கடைசி வரிசையில் நின்றபோதே, யார் அரை மாத்திரை முந்துகிறார், யார் பிந்துகிறார் என்று காது சொல்லிவிடும். இருபத்துநாலு வயதில் அந்தக் குழுவுக்கு முன்னால் நின்று கை ஆட்ட ஆரம்பித்தார். இன்னும் மூன்று வருஷம் கழித்து, கீபோர்டு, தபலா, கிட்டார், புல்லாங்குழல், பம்பை என்று பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஆர்கெஸ்ட்ரா தொடங்கினார். கண்டக்டர் என்று சொன்னால் எந்த பஸ்ஸில் என்று கேட்கிற ஊர் இது. சின்னமனூர்ப் பக்கம் ஒரு விழாக் கமிட்டிக்காரர், "இந்த ஆளு பாடவும் இல்ல, வாசிக்கவும் இல்ல. சும்மா கைய ஆட்டுறவருக்கு எதுக்குச் சாப்பாட்டு டோக்கன்?" என்று மேடையிலேயே கேட்டார். செல்வின் கீழே இறங்கிப் போய் ஜனத்தோடு உட்கார்ந்துகொண்டார். இரண்டே பாட்டு. தபலா ஒரு பக்கம் போனது, கீபோர்டு ஒரு பக்கம் போனது, பாடுகிற பெண் நடுவில் நின்று முழித்தாள். மூன்றாவது பாட்டுக்கு அதே கமிட்டிக்காரர் வந்து கையைப் பிடித்துக் கூட்டிப்போனார்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. இங்கே திருவிழா மேடையை அம்மன் சன்னதியைப் பார்த்துத்தான் போடுவார்கள். அவளும் கச்சேரி பார்க்க வேண்டுமல்லவா? மேடையில் நடுவாக நின்று கை ஆட்டினால் அம்மனுக்கு முதுகைக் காட்டியதாகிவிடும். வேதக்காரன் வேண்டுமென்றே செய்கிறான் என்று பேச்சு வந்தது. அதனால் செல்வின் மேடையின் ஒரு ஓரத்துக்குப் போய்ப் பக்கவாட்டாக நின்றுகொண்டார். வலது கை வாத்தியக்காரர்களுக்குத் தாளம் சொல்லும். இடது கை வேகத்தையும் சத்தத்தையும் ஏற்றும், இறக்கும். அந்த இடது கை ஜனங்கள் பக்கம் இருந்தது.

அவர் பெயர் கம்பத்திலிருந்து ஆண்டிபட்டி வரைக்கும் பரவியதற்கு அந்த இடது கைதான் காரணம். அம்மன் திருவிழாவில் முதல் பாட்டு அம்மன் பாட்டாகத்தான் இருக்கும். பம்பைச் சத்தம் எழுந்ததும் நாலு பெண்களுக்காவது சாமி வந்துவிடும். சாமி ஆடுகையில் பாட்டை வெடுக்கென்று நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் ஆடுகிறவளுக்குப் பல் கிட்டி உடம்பு விறைத்துக்கொள்ளும். மற்ற குழுக்காரர்கள் பூசாரி திருநீற்றோடு வரும்வரை அடித்துத் தள்ளுவார்கள். அதற்குள் முட்டி பெயர்ந்து, நெற்றி உடைந்து ரத்தம் கொட்டும். செல்வின் அப்படி விடமாட்டார். இடது கையைத் தாளச் சுற்றுக்கு ஒரு விரல்கடை வீதம் இறக்குவார். முதலில் பம்பை ஓயும். பிறகு ரிதம் பேடு. கடைசியில் குழலும் தபலாவும் மட்டும் நடந்துபோகிற மாதிரிப் போகும். ஆடுகிறவள் தனக்கே தெரியாமல் அந்த நடைக்கு வந்து, கால் மடங்கி, சீலையைச் சரிசெய்துகொண்டு உட்காருவாள். செல்வின் மாஸ்டர் வந்தால் சாமி நோகாமல் மலையேறும் என்று ஊர் ஊராகச் சொன்னார்கள். சபைக் கமிட்டியில் இரண்டு பேர் இது என்ன கூத்து என்று கேட்டதற்கு, "நான் தாளத்தைத்தான் எறக்குறேன்" என்று பதில் சொன்னார். அதற்கு மேல் அவர்களும் நோண்டவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவரை விட்டால் ஆள் கிடையாது.

முப்பது வருஷம் அந்தக் கையால் யாருக்கும் ஒரு சிராய்ப்பு இல்லை. போன வருஷம் வரைக்கும்.

நல்லகண்ணு ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்தார்.

"பாட்டுக்கு மட்டும் வரல மாஸ்டர். எங்க ஓவியாவுக்கு நீங்கதான் ஒரு வார்த்த சொல்லணும்."

"என்ன செய்யிது புள்ள?"

"காலேசுக்குப் போகல. நர்சிங்கு மூணாவது வருசம், பாதியில நிக்கிது. எங்கம்மா சாமியாகல, செத்துப் போச்சுங்கிறா. வீட்டுக்குள்ள சொன்னாலும் பரவாயில்ல. கோயில் வாசல்ல நின்னு சத்தம் போட்டுச் சொல்றா. பொட்டல்ல ஆத்தாவுக்குக் கல்லு ஊண்டி வெளக்குப் போடுறோம், அந்தப் பக்கமே திரும்ப மாட்டா. பேயோட்டுற கோடாங்கிகிட்டக் கூட்டிட்டுப் போனோம். முன்னுச்சி முடிய வெட்டி மரத்துல ஆணியடிச்சாரு. அதுக்கும் கேக்கல. இந்த வருசம் மக கையாலதான் மொத வெளக்கு ஏத்தணும்னு ஊர் முடிவு. ஏத்தலைன்னா அவ தாய்மாமன் வைகாசியிலயே எவனுக்காச்சும் கட்டிக் குடுத்துத் தொலச்சிருவோம்ங்கிறாரு. நான் என்ன செய்ய?"

"நான் சொன்னா கேக்குமா?"

"கேப்பா. நீங்க அன்னைக்குக் கிட்டத்துல நின்னு பாத்தவுக. ஒங்க கண்ணால பாத்ததச் சொல்லுங்க, போதும். நான் எறக்கிக்கிட்டுத்தான் இருந்தேன், அதுக்கு மேல அவளா ஏறுனா, அது ஆத்தாதான்னு ஒரு வார்த்த. நீங்க வேதக்காரவுக. எங்க சாமிக்காக நீங்க பொய் சொல்ல மாட்டீகன்னு அவளுக்குத் தெரியும்ல?"

செல்வின் வாழைப்பழச் சீப்பை வாங்கிக் கல்லா மேல் வைத்தார். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார்.

வீடு கடைக்கு மேலேதான். மத்தியானம் ஜெபஷீலா கத்தரிக்காய்ப் புளிக்குழம்பும் நெத்திலிக் கருவாடும் வைத்திருந்தாள். செல்வின் சோற்றைப் பிசைந்தார், பிசைந்துகொண்டே இருந்தார்.

"எனக்குத் தோள்பட்டையில ஒண்ணும் இல்ல ஷீலா."

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"ஒரு வருசமா எண்ணெ தேய்க்கிறவளுக்குத் தெரியாதா? மேலடுக்குல இருந்து முறுக்கு டப்பாவ எந்தக் கையால எடுக்குறீக? ஈஸ்டருக்குப் பாட்டு நடத்த முடியாதுன்னு சபை ஐயர்கிட்டச் சொல்லிட்டு வந்து, அன்னைக்குச் சாயங்காலமே இடக்கையால ஷட்டர எறக்குனீக. கேட்டாச் சொல்லுறவருன்னா கேட்டிருப்பேன்."

செல்வின் சொன்னார். ஒரு வருஷமாக மறைத்தது, கருவாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து வெளியே வந்தது.

அன்றைக்கு மத்தியானமே நல்லகண்ணு மேடைக்கு வந்துவிட்டார். மைக்செட்காரர்கள் வயர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். ராஜாத்திக்கு இதயத்தில் வால்வு கோளாறு என்று மதுரை டாக்டர் சொல்லியிருக்கிறார், மாடி ஏறக்கூட யோசிக்கணும் என்றிருக்கிறார், வருஷா வருஷம் சாமி வருகிற உடம்பு, இந்த வருஷம் என்ன செய்யலாம் என்று வீட்டில் ஒரே சச்சரவு. அம்மாவை வீட்டிலேயே வைத்துக்கொள்வோம் என்று ஓவியா மன்றாடியிருக்கிறாள். திருவிழா நாளில் சாமியாடியைப் பூட்டி வைக்கவா என்று நல்லகண்ணுவுக்கு மனசு வரவில்லை. ராஜாத்தியும் ஒப்பவில்லை. கடைசியில் அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. அந்தப் பக்கத்து ஆளுக்குத்தான் அப்படித் தோன்றும். 'மாஸ்டர் வாராக. சீக்கிரம் எறக்கிவிடச் சொல்லிருவோம்.' அப்படியே வந்து கையைப் பிடித்துக் கேட்டார். செல்வினும் மூன்றே நிமிஷத்தில் இறக்கிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

பொழுது அடையப் பாட்டு ஆரம்பித்தது. ராஜாத்திக்குத்தான் முதலில் வந்தது. செல்வின் மூன்றாவது நிமிஷம் இடது கையை இறக்கத் தொடங்கினார். சொன்ன சொல் தவறவில்லை. பம்பை ஓய்ந்தது. அவள் தோள் தளர்ந்தது, விரித்த கை இறங்கியது, கால் மடங்கப் போனது. அந்த நேரம் ஆண்கள் பக்கமிருந்து, "ஒன்ஸ் மோர்! ஒன்ஸ் மோர்!" என்று சத்தம் வந்தது. செல்வின் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிற ஆள் இல்லை. ஆனால் அன்றைக்கு ரிதம் பேடு வாசிக்கிற விஜய்ராஜும் தபலாவும் குழலும் ஒன்றோடு ஒன்று இழைந்துபோயிருந்தார்கள். பன்னிரண்டு பேருக்கும் ஒரே மூச்சு. அவர் ஆயுசு முழுக்கக் கேட்க ஆசைப்பட்ட சத்தம், ஒரு வாழைத்தோட்டத்து ஊரில், அந்த நேரத்தில், அவர் கைக்குக் கீழே கேட்டது.

"தூக்குனேன் ஷீலா. ஒரு சுத்து. ஒரே ஒரு சுத்துத்தான்."

"எதுக்கு?"

"நல்லா இருந்துச்சு."

ஜெபஷீலா அவரைப் பார்த்தாள்.

"நல்லா இருந்துச்சு, அதான். அந்தம்மா மறுபடி எந்திரிச்சு நின்னுச்சு. ரெண்டு சுத்து சுத்துச்சு. விழுந்துருச்சு. சனம் கொலவ போட்டாக. ஆத்தா கூட்டிக்கிட்டாள்னு சூடத்தக் கொளுத்துனாக. நான் கைய இன்னும் எறக்கல. கை மேலயே நிக்கிது."

அவள் நெத்திலித் தட்டை அவர் முன்னாலிருந்து நகர்த்தினாள். 

"வேற யாருக்குத் தெரியும்?"

"விஜய்ராஜுக்கு. என் கையப் பாத்துத்தான வாசிச்சான். ரெண்டு நாள் கழிச்சு வந்து, 'மாஸ்டர், நான் ஒண்ணும் பாக்கல'ன்னான். நான் அவன்கிட்ட எதுவுமே கேக்கல."

"இப்ப அங்கன போயி என்ன சொல்லப் போறீக?"

"அதான் தெரியல."

"அந்த மனுசன்கிட்ட இப்ப மிச்சம் இருக்கிறது அது ஒண்ணுதான். பொண்டாட்டி சாமியாயிட்டாங்கிறது. போயி அதையும் பிடுங்கிட்டு வந்துருவீகளா?"

"அந்தப் புள்ள? உள்ளதச் சொல்லுச்சுன்னு தலமுடிய வெட்டி ஆணியடிச்சிருக்காக. பேசாம இருந்தா வைகாசியில எவன் தலையிலயாச்சும் கட்டி வச்சிருவாக."

ஜெபஷீலா எழுந்து கை கழுவினாள். குழாயடியில் நின்றபடியே சொன்னாள்.

"ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம பாவ அறிக்க சொல்றோம். எல்லாரும் சேந்து, ராகம் போட்டு. ஒருத்தர் பாவம் இன்னொருத்தருக்குத் தெரியாம நல்ல சௌகரியமா இருக்கு." ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "போவோம். நானும் வாரேன்."

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து இருவரும் ஸ்கூட்டரில் போனார்கள். வாய்க்கால் வறண்டு கிடந்தது. ஜெயமங்கலம் தாண்டியதும் ரோட்டின் இரண்டு பக்கமும் காற்றில் சாய்ந்த வாழைகள் குலையோடு கிடந்தன. நல்லகண்ணு தோட்டத்து முகப்பிலேயே காத்திருந்தார். வீட்டுக்குப் போகும் முன் பொட்டல் ஓரம் கூட்டிப்போனார். முழ உயரக் கல், மஞ்சள் துணி சுற்றியிருந்தது. அதன் மேல் கண்ணாடி வளையல்கள், காய்ந்த அரளிப்பூ. முந்தின நாள்தான் பிள்ளை இல்லாத ஒருத்தி தொட்டில் கட்டிவிட்டுப் போனதாகச் சொன்னார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். செல்வினும் ஜெபஷீலாவும் செருப்போடு நிற்கவும் முடியாமல், கழற்றவும் தெரியாமல் தள்ளி நின்றார்கள்.

காப்புக் கட்டிவிட்டதால் ஊரில் கவுச்சி கிடையாது. வாழைப்பூ வடையும் மொச்சைக் குழம்பும் ஆக்கி வைத்திருந்தாள் ஓவியா. இருபத்தொரு வயது. முன்னுச்சியில் ஒரு கொத்து முடி கட்டையாக முளைத்து, படியாமல் நட்டமாக நின்றது. இலை போட்டு மூன்று பேருக்கும் பரிமாறினாள். அவள் உட்காரவில்லை.

"நீயும் சாப்பிடு ஆத்தா" என்றாள் ஜெபஷீலா.

"பெறகு சாப்புடுறேன்க்கா."

சாப்பிட்டு முடிந்ததும் நல்லகண்ணு மகளைக் கூப்பிட்டு எதிரே உட்காரச் சொன்னார். அவர் முகத்தில் ஒரு தைரியம் வந்திருந்தது. வக்கீலைக் கூட்டிவந்தவர் முகம்.

"மாஸ்டர் வந்திருக்காக தாயி. அப்பன் சொன்னா நம்ப மாட்ட. ஊரு சொன்னா நம்ப மாட்ட. அவுக சொல்லட்டும். சொல்லுங்க மாஸ்டர்."

செல்வின் தண்ணீர்ச் சொம்பை எடுத்தார். குடிக்காமல் வைத்தார்.

"ஓவியா. உங்கம்மா எறங்கிருச்சு. நான் எறக்கிட்டேன். உக்காரப் போன நேரத்துல நான் கையத் தூக்கிட்டேன்."

ஓவியா அசையவில்லை. நல்லகண்ணுவுக்குத்தான் புரியவில்லை.

"தூக்குனீகளா? என்னத்த மாஸ்டர்?"

"கைய. இந்தக் கைய."

"கையத் தூக்குனா?"

"வேகம் கூடும். பம்பை திரும்ப ஏறும். கால் தரிக்காது."

"ஆத்தா ஏறுனதுனால நீங்க தூக்குனீக. அப்பிடித்தான?"

"இல்ல நல்லகண்ணு. நான் தூக்குனதுனாலதான் அவுக எந்திரிச்சாக."

மேலே காற்றாடி கடகடவென்று சுற்றியது. நல்லகண்ணு சுவரிலிருந்த மனைவியின் படத்தைப் பார்த்தார். செல்வினைப் பார்த்தார்.

"நான் மத்தியானம் வந்து சொன்னேனே."

"சொன்னீக."

"சீக்கிரம் எறக்கிருங்கன்னு கையப் பிடிச்சுச் சொன்னேனே."

"சொன்னீக. நான் சரின்னேன்."

"பெறகு எதுக்குத் தூக்குனீக?"

செல்வின் தன் இடது கையைப் பார்த்தார். ஜெபஷீலாவிடம் சொன்ன அந்த இரண்டு சொல்லை இந்த மனிதனிடம் எப்படிச் சொல்வது? கூட்டம் கேட்டது, கை தவறிவிட்டது என்று நாலு பொய் நாக்கு நுனிக்கு வந்தது.

"பாட்டு நல்லா அமைஞ்சிருச்சு" என்றார். "விட மனசு வரல."

நல்லகண்ணு சுவரில் சாய்ந்தார். அடிப்பார் என்று ஜெபஷீலா நினைத்தாள். அடித்தால்கூட நன்றாயிருக்கும் என்று செல்வின் நினைத்தார். நல்லகண்ணு எழுந்திருக்கவே இல்லை.

ஓவியாதான் எழுந்தாள். உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தாள்.

"எனக்குத் தெரியும் சார். பொம்பளைக பக்கம் நின்னு வீடியோ எடுத்தேன். சித்தி மகளுக்கு அனுப்பணும்னு. நூறு தடவைக்கு மேல பாத்துட்டேன். இங்கன அம்மா உக்காரப் போகுது. இங்கன ஒங்க கை. மொதல்ல அம்மாவ மட்டுந்தான் பாத்தேன். முப்பது தடவ பாத்த பெறகுதான் ஓரத்துல ஒரு கை மேல போறது தெரிஞ்சுச்சு."

"இத ஊர்ல காட்டியிருக்கலாம்ல தாயி?" என்றாள் ஜெபஷீலா. "இம்புட்டுப் பாடு பட்டிருக்க வேணாமே."

"யார்கிட்டக்கா காட்ட? கையத்தான தூக்குறாரு, அதுக்கென்னன்னு கேப்பாக. அது என்ன கைன்னு இவருக்கும் வாசிக்கிறவுகளுக்கும்தான் தெரியும். இவரு வாயில இருந்து வந்தாத்தான் உண்டு." அவள் குரல் உடையவில்லை. அழுது முடித்த குரல் அது. "வருவாருன்னு ஒரு வருசம் பாத்தேன். கடைக்கு ரெண்டு தடவ வந்தேன் சார். எதுத்தாப்புல நின்னேன். நீங்க ரெண்டு கையாலயும் பைப்பு எறக்கிக்கிட்டிருந்தீக."

செல்வின் தலை குனிந்துகொண்டார்.

"அப்பா" என்றாள் ஓவியா. "வீட்டுல வச்சுக்கிருவோம்னு சொன்னேன்ல?"

நல்லகண்ணு துண்டால் முகத்தைத் துடைத்தார். உதடு கோணியது. போனுக்குக் கையை நீட்டினார்.

"அதக் குடு. நான் இன்னும் பாக்கல."

"வேணாம்ப்பா."

"குடு தாயி."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பிடித்துக் காட்டினாள். செல்வினுக்கும் தெரிகிற தூரம்தான். படம் ஆடிக்கொண்டு ஆரம்பித்தது. மேடை, சீரியல் லைட், பெண்களின் தலைகள். பாட்டு இன்னும் தொடங்கவில்லை. ராஜாத்தி திரும்பிப் பார்த்து, கொண்டையில் பூவைச் சரிசெய்துகொண்டு சிரித்தாள். "போன உள்ள வச்சிட்டுக் கும்புடு ஆத்தா, எப்பப் பாரு போனு" என்றாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல் அந்த வீட்டுக்குள் கேட்டது. நல்லகண்ணு வாயைப் பொத்திக்கொண்டார். "ஏ புள்ள" என்றார் போனைப் பார்த்து. "ஏ புள்ள."

பாட்டு எழுந்தது. ராஜாத்தி ஆடினாள். இறங்கினாள். எழுந்தாள். விழுந்தாள். குலவைச் சத்தத்தோடு படம் நின்றது.

"இன்னொருக்காப் போடு."

ஓவியா போட்டாள். செல்வின் எழுந்துகொள்ளப் பார்த்தார். ஜெபஷீலா அவர் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். ராஜாத்தி திரும்பினாள், பூவைச் சரிசெய்தாள், திட்டினாள், ஆடினாள், விழுந்தாள்.

"இன்னொருக்கா."

மூன்றாவது தடவை ஓவியாவால் முடியவில்லை. அம்மாவின் தோள் தளர்ந்து, கை இறங்கி, கால் மடங்குகிற இடத்தில் விரலை வைத்து நிறுத்திவிட்டாள். சின்னக் கண்ணாடிக்குள் ராஜாத்தி பாதி உட்கார்ந்தபடி நின்றாள். முகம் தெளிந்திருந்தது. ஓரத்தில் செல்வினின் இடது கை, இடுப்புக்குக் கீழே, இறங்கி இருந்தது.

நல்லகண்ணு நிமிர்ந்து மகளைப் பார்த்தார்.

"எதுக்கு நிப்பாட்டுன? ஓட விடு தாயி. எறங்கிக்கிட்டுத்தான இருக்கா."

ஓவியா செல்வினைப் பார்த்தாள். பிறகு விரலை எடுத்தாள். இடது கை மேலே போனது.